ஃபுட்பால் ஆடுற பசங்களுக்கு மயோஃபேசியல் ரிலீஸ் பேக்கேஜ்: 9,600 ரூபாய் போச்சு

வேலூர், காட்பாடி பக்கம் பசங்களை ஃபுட்பால் கோச்சிங் அனுப்புறவங்க இதைப் படிங்க. இடத்தோட பேர் போடல. ‘ஸ்போர்ட்ஸ் ரிக்கவரி’ன்னு போர்டு மாட்டின ஏசி சென்டர், அவ்ளோதான். மயோஃபேசியல் ரிலீஸ்னா, தசையைச் சுத்தி இருக்கிற உறையை அழுத்தி, உருட்டித் தளர்த்துறதா சொல்ற மசாஜ்.

அக்கா பையனுக்கு 13 வயசு. முட்டிக்குக் கீழ மேடா இருக்கிற எலும்புல வலி, பந்தை உதைச்சா இன்னும் ஜாஸ்தி. அங்க இருந்தவர் பையனைக் குனிஞ்சு காலைத் தொடச் சொன்னார், எட்டல. தொடைக்குப் பின்னாடி ரெண்டு நிமிஷம் ரோலர் (மசாஜுக்கான உருளை) உருட்டிட்டு மறுபடி குனியச் சொன்னார். விரல் ஷூ லேஸைத் தொட்டுச்சு! “பாத்தீங்களாம்மா, சதை உறை ஒட்டிக்கிட்டிருக்கு. எட்டு சிட்டிங்ல வலியும் போயிடும், ஸ்பீடும் ஏறும்”னார். அக்கா அங்கேயே 9,600 ரூபாயை ஜிபே பண்ணிட்டாங்க.

வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த டெமோ பொய் இல்ல. ரோலர் உருட்டினா யாருக்குமே கொஞ்ச நேரம் உடம்பு கூடுதலா வளையும். இழுவையை நரம்பு அப்போதைக்குத் தாங்கிக்குது. அரை மணி நேரத்துல பழையபடி ஆயிடும். ஒட்டின உறை எதுவும் பிரியறதில்ல.

பையனுக்கு இருந்தது ஆஸ்குட் ஷ்லாட்டர்ங்கிற முட்டிப் பிரச்சனை. வளர்ற வயசுல முன்தொடைத் தசை முட்டிச்சில்லு வழியா அந்த மேட்டைப் பிடிச்சு இழுக்குது. அங்க எலும்பு வளர்ற இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் கெட்டிப்படாத குருத்தெலும்பு, அதான் நோகுது. சரியா அந்த மேட்டு மேலயே கட்டைவிரலை ஊன்றி, மசாஜ் கன்னையும் வச்சிருக்காங்க. பையன் கத்தினா “வலிச்சாதான் ரிலீஸ் ஆகுதுன்னு அர்த்தம்”னு பதில். மூணாவது சிட்டிங் முடிஞ்சு முட்டி வீங்கி, படி இறங்க முடியல. அப்புறம்தான் எலும்பு டாக்டர்கிட்ட போனோம், விரலால தொட்டுப் பாத்தே ஆஸ்குட் ஷ்லாட்டர்னு சொல்லிட்டார்.

பணம் கேட்டா முதல்ல “மேனேஜர் வரட்டும்”. அப்புறம் “பில்லுல ரீஃபண்ட் இல்லன்னு இருக்கே சார்”. கடைசியா “மீதி சிட்டிங்கைத் தம்பிக்கு மாத்திக்கோங்க”. தம்பிக்கு 6 வயசு! இப்போ போனே எடுக்கறதில்ல. 9,600 ரூபாய்!

என்னென்ன பாக்கணும்னு விலாவாரியா எழுதத்தான் உக்காந்தேன், கை நடுங்குது. முட்டிக்குக் கீழயோ குதிகால்லயோ எலும்பு வலின்னா முதல்ல டாக்டர். நொண்டினாலோ, ராத்திரி வலியில எழுந்தாலோ அன்னைக்கே போங்க. ரோலர் சதை மேல மட்டும், ஒரு தசைக்கு 30லிருந்து 60 வினாடி போதும். எலும்பு மேலயும் முட்டிக்குப் பின்குழியிலயும் வேண்டவே வேண்டாம். காயம் வராம இருக்க ‘ஃபிஃபா 11+’ங்கிற வார்ம் அப் பயிற்சி இருக்கு, காசே இல்ல, கோச்சைச் செய்ய வைக்கச் சொல்லுங்க. மொத்தப் பணத்தை முன்னாடியே கட்டாதீங்க. கட்டி ஏமாந்திருந்தா நுகர்வோர் உதவி எண் 1915. நாங்க ஜிபே ரசீதோட புகார் குடுத்தாச்சு.