பொத்தான் கைபேசி ஆசையில் ஏமாந்தேன்: பிளாக்பெர்ரி கீ2 தேடுவோர் கவனத்துக்கு

பெட்டியில், திரைக்குக் கீழே எழுத்துப் பொத்தான்கள் கொண்ட பிளாக்பெர்ரி கீ2 கைபேசியின் பெயர் இருந்தது. உள்ளே இருந்தது கீ2 எல்இ என்ற விலை குறைந்த மாதிரி. அதையும் பிரிக்கப்படாத புதுச் சரக்கு என்று சொல்லி, சென்னையில் ஒரு கடைக்காரர் சென்ற மாதம் என்னிடம் 18,500 ரூபாய்க்கு விற்றார். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பொத்தான் கைபேசிக்கு ஏங்கும் என்னைப் போன்றவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதால், நடந்ததை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

தட்டச்சு முதுநிலைத் தேர்வு எழுதியவன் நான். எழுத்து எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடாமல் விரலால் அறிந்து அடித்துப் பழகிய எனக்கு, வழவழப்பான கண்ணாடிப் பரப்பில் எழுதுவது ஒருநாளும் கைவந்ததில்லை. தொடுதிரையில் விரல் தடவி உணர ஒரு விளிம்புகூட இல்லை. பார்வையைத் திரையிலிருந்து எடுத்தால் அடுத்த எழுத்து பிசகிவிடுகிறது. சித்திரை வெயிலில் விரல் நுனி வியர்த்துவிட்டால், தொட்டது ஒன்றும் விழுவது ஒன்றுமாக ஆகிவிடுகிறது. எனவேதான், 'சீல் பிரிக்காத கீ2, ஓராண்டு கம்பெனி உத்தரவாதம், தமிழும் அடிக்கலாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்த அன்றே கிளம்பிவிட்டேன்.

அந்த உத்தரவாதச் சொல்லிலேயே நான் விழித்திருக்க வேண்டும். 2018 ஜூலையில் கீ2 இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 42,990 ரூபாய். பிளாக்பெர்ரி பெயரில் பெரும்பாலான நாடுகளில் அதைத் தயாரித்து விற்ற டிசிஎல் நிறுவனம் 2020 ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு விற்பனையை முடித்துக்கொண்டது. ஏற்கெனவே விற்றவற்றுக்கான ஆதரவும் 2022 ஆகஸ்ட் 31 வரைதான் என்று அப்போதே அறிவித்துவிட்டது. அப்படியிருக்க, இன்றைய தேதியில் எந்தக் கம்பெனி எனக்கு உத்தரவாதம் தரும்? பாதி விலையைவிடக் குறைவாகக் கிடைக்கிறதே என்ற மகிழ்ச்சியில் இந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. பெட்டியைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் உறை இறுக்கமாக ஒட்டியிருந்ததும் என்னை நம்பவைத்தது. சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் அத்தகைய உறையை எந்தக் கடையிலும் போட்டுவிடலாம் என்பதைப் பின்னர்தான் ஒரு பழுதுபார்ப்பவர் சொல்லக் கேட்டேன்.

ஏமாற்றம் வெளிப்பட்டது அன்று இரவு. கீ2-இன் விசைப்பலகைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பொத்தான்களை அழுத்தாமல் அவற்றின்மீது விரலை மேலும் கீழுமாக நகர்த்தினாலே திரையில் பக்கம் நகரும். என் கைபேசியில் எத்தனை முறை தடவியும் ஒன்றும் அசையவில்லை. கடைக்குத் தொலைபேசியில் பேசியபோது, அமைப்புகளில் ஏதோ ஒன்றை மாற்ற வேண்டும் என்றார்கள். அதைத் தேடப்போன இடத்தில்தான் 'கைபேசி பற்றி' என்ற பகுதி கண்ணில் பட்டது. மாதிரி எண் பிபிஇ100 என்று தொடங்கியது. பெட்டியிலோ பிபிஎஃப்100 என்று அச்சிட்டிருந்தது. முதலாவது எல்இ மாதிரிக்கு உரியது, இரண்டாவது கீ2-க்கு உரியது. எல்இ-யின் பொத்தான்களுக்குத் தொடுவுணர்வு கிடையாது. சட்டகம் அலுமினியம் அன்று, பிளாஸ்டிக். மின்கலம் 3,500-க்குப் பதிலாக 3,000 மில்லிஆம்பியர்-மணி. நினைவகம் 6 ஜிபிக்குப் பதிலாக 4 ஜிபி. கீ2-இன் எடை 168 கிராம், இதன் எடை 156 கிராம். கையில் வாங்கியபோது இலேசாக இருக்கிறதே என்று மகிழ்ந்தவன் நான். பிறகு *#06# அடித்துப் பார்த்தால், திரையில் தெரிந்த ஐஎம்இஐ எனும் கைபேசியின் தனி அடையாள எண்ணுக்கும் பெட்டியில் இருந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை. வெள்ளொளியில் சாய்த்துப் பார்த்தபோது, சில பொத்தான்கள் மட்டும் பழகித் தேய்ந்து பளபளத்தன. புதுக் கைபேசியில் அப்படித் தேய்மானம் இருக்க வழியில்லை.

தமிழ் அடிக்கலாம் என்ற வாக்குறுதி எவ்வாறு முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான் பயன்படுத்துவது தமிழ்99 விசைப்பலகை. உயிர் இடப்பக்கமும் மெய் பெரும்பாலும் வலப்பக்கமுமாக அமைந்த அந்த முறையில், ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்தும் ஆங்கில எழுத்துப் பொத்தான்களில் இல்லை. கணினியில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி போன்றவை இருக்கும் பொத்தான்களில் அமர்ந்திருக்கின்றன. கைபேசியின் சிறிய விசைப்பலகையில் அவற்றுக்குத் தனிப் பொத்தானே கிடையாது. ழ-வுக்கு இடமில்லாத பலகையில் 'தமிழ்' என்று எப்படி எழுதுவது? விசைப்பலகைச் செயலியில் தமிழைத் தேர்ந்தெடுத்தபோது, பொத்தான்கள் ஆங்கிலத்திலேயே நிற்க, திரையின்மீது இன்னொரு தமிழ்ப் பலகை எழும்பியது. 4.5 அங்குலத் திரையில் பாதியை அது விழுங்கிவிட்டதால், பொத்தானுக்காகப் பணம் கொடுத்துவிட்டு, முன்னைவிடச் சிறிய தொடுதிரையில் தமிழ் எழுதும் நிலைக்கு வந்து சேர்ந்தேன்.

பொத்தானில் வேகம் இரண்டு மடங்கு என்றும் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆல்டோ, கேம்பிரிட்ஜ், ஈடிஎச் சூரிக் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 37,000-க்கும் மேற்பட்டோரின் தொடுதிரைத் தட்டச்சை அளந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இரு கட்டைவிரல்களால் அடிப்பவர்கள் நிமிடத்துக்குச் சராசரியாக 38 சொற்கள் எழுதினார்கள். கணினி விசைப்பலகையோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ கால் பங்குதான் குறைவு. நான் விரும்பியது வேகத்தை அன்று, கண்ணுக்கு ஓய்வை. ஆனாலும் அந்தப் பேச்சு என்னை இன்னும் கொஞ்சம் இளகவைத்தது என்பதை மறுக்க முடியாது.

மறுநாள் கடைக்குப் போனேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், பேர்தான் வேற" என்றார் உரிமையாளர். மாதிரி எண்ணைக் காட்டியதும், பிரித்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று பேச்சு மாறியது. என்னிடம் இருந்த ரசீதில் 'மொபைல் – 1' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. ஜிஎஸ்டி எண் இல்லை, ஐஎம்இஐ எண் இல்லை. பணத்தைக் கைபேசிச் செயலி வழியாகச் செலுத்தியதும், விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்திருந்ததும்தான் இப்போது எனக்கு இருக்கும் ஆதாரங்கள்.

கீ2-ஐ வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள், பணத்தை எடுக்குமுன் கடையிலேயே கைபேசியை இயக்கி, பொத்தான்களின்மீது விரலை நகர்த்திப் பாருங்கள். பக்கம் நகரவில்லை என்றால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். திரையில் தெரியும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணுக்கு முன்னால் ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று எழுதி, இடைவெளி விட்டு, 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்த எண் எந்த நிறுவனத்தின் எந்த மாதிரிக்கு உரியது என்ற பதில் வரும். அந்த எண்ணை ரசீதில் எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கடையிலிருந்து இதுவரை பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 இலட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், அடுத்த வாரம் மனுவை எழுதி முடிக்க எண்ணியிருக்கிறேன். இதற்கிடையே அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தில் இருப்பது அலுமினியச் சட்டகம் கொண்ட கீ2, விலை மட்டும் 17,000 ஆகக் குறைந்திருக்கிறது.