குன்மிங்கில் டீ வில்லை வாங்குமுன் உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள்

வேலை விஷயமாக சீனாவின் குன்மிங் போன இடத்தில், வட்ட வில்லையாக அழுத்தி விற்கிற டீயை வாங்கி 900 யுவானைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். யுன்னான் பக்கம் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

கடைக்கார அம்மா மரியாதையாக உட்காரவைத்தார். கண்ணாடி ஜாடியிலிருந்து உதிரி இலையை அள்ளி மூடிக் கிண்ணத்தில் போட்டு, கொதிநீர் ஊற்றி, ஐந்து எண்ணுவதற்குள் வடித்துக் கொடுத்தார். இளம் ஷெங், அதாவது புளிக்கவைக்காத பச்சை பூ-அர், யுன்னானின் பெயர்பெற்ற டீ. முதல் மடக்கு நன்றாகவே கசந்தது. கொஞ்ச நேரத்தில் தொண்டையிலிருந்து ஒரு தித்திப்பு ஏறியது பாருங்கள், நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த மாதிரி! சீனர்கள் இதை ஹுய்கான் என்கிறார்கள். இந்த டீக்குக் காசு கொடுப்பதே இதற்காகத்தான். ஆகவே கசப்பு குற்றமில்லை. பூலாங் மலை டீ என்றால் கசக்கத்தான் செய்யும்.

"இதே டீதான்" என்று 357 கிராம் வில்லை ஒன்றை எடுத்து வைத்தார். உறையில் லாவ் பான்ஜாங் (அந்தப் பூலாங் மலையில் ஓர் ஊர்), வயதான மரத்து இலை என்று எழுதியிருப்பதாக போன் ஆப் சொன்னது. பிரித்துப் பார்க்கலாமா என்றேன். காற்றுப் பட்டால் கெட்டுவிடுமாம். காற்றோட்டத்தில் வைத்து வருஷக்கணக்கில் பழுக்கவிடுகிற டீயைப் பற்றி இப்படிச் சொன்னபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

அறைக்கு வந்து பிரித்தேன். மேலே வெள்ளை ரோமம் படர்ந்த மொட்டுகள் கோலம் போட்டதுபோல் இருந்தன. கத்தியை விட்டு நெம்பினால் உள்ளே தூளும் காம்பும். அதே கொதிநீர், அதே ஐந்து எண்ணிக்கை. கசப்பு நாக்கின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை. கடுக்காயை மென்றதுபோல் கன்னம் இரண்டும் உள்ளே இழுத்தன. ஆறு முறை ஊற்றிப் பார்த்தேன். தித்திப்பு வரவில்லை. வெறும் வயிற்றில் குடித்ததால் குமட்டல்தான் வந்தது.

என் பேராசையும் இதில் உண்டு. லாவ் பான்ஜாங் என்பது மெங்ஹாய் மாவட்டத்தில் ஒரே ஒரு மலைக்கிராமம். அங்கே நிஜமான வயதான மரத்து இலை கிலோ பல ஆயிரம் யுவானுக்குப் போகும். 900-க்கு முழு வில்லை கிடைக்குமா?

வாங்கப்போகும் வில்லையிலிருந்தே, அதுவும் உள்பக்கத்திலிருந்து பெயர்த்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரு தடவையாவது ஒரு நிமிஷம் முழுக்க ஊறவிடுங்கள். சட்டென்று வடித்தால் எந்த டீயும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். ஊறிய இலையை விரித்து, முழு இலையா வெறும் தூளா என்றும் பாருங்கள்.

மறுநாள் வில்லையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். "புது டீ அப்படித்தான், பத்து வருஷம் வைத்தால் இனிக்கும்" என்றார். வைத்தால் கசப்பு தணியும், நிஜம்தான். ஆனால் தூளும் காம்பும் இலையாகிவிடாதே! பணம் திரும்ப வராது என்று ஆனதும், அந்த ஜாடி இலையையாவது விலைக்குத் தாருங்கள் என்று கேட்டேன்.

அது விற்பதற்கில்லையாம்.