கப்பலேறிய எங்கள் ஓமலூர்க்காரர்: நேட்டால் கப்பல் பட்டியல் பற்றி

எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் அண்ணன். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர், திரும்பவே இல்லை. வீட்டில் இவ்வளவுதான் தெரியும். கப்பலெல்லாம் இல்லை, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குத்தான் மலையேறிப் போனார் என்று பெரியப்பா சாதிப்பார். சேலத்தில் வில்லங்கம், பழைய பத்திரம் என்று அலைந்தேன். நிலம் இருந்தவருக்குத்தானே பத்திரம், கூலிக்குப் போனவர் பெயர் அதில் எப்படி வரும்?

அப்புறம்தான் தென்னாப்பிரிக்காவில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இணையத்தில் வைத்திருக்கும் கப்பல் பட்டியல் கிடைத்தது, அதாவது டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கப்பலேறியவர்களின் பெயர்ப் பட்டியல். காசு கிடையாது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். ஆளுக்கு ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெயரைப் போட்டுத் தேடினால் சலித்துப் போவீர்கள். அன்றைக்கு எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார், ஒரே முனியன் ஓரிடத்தில் மூனியன், இன்னோரிடத்தில் முன்னியன். கிராமத்தையும் தகப்பன் பெயரையும் வைத்துத் தேடுங்கள். இன்னொன்று, அன்றைய சேலம் ஜில்லாவில் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அடக்கம், அந்தப் பக்கத்து ஆட்களும் சேலம் என்றே பதிவாகியிருப்பார்கள்.

எனக்கு இரண்டு வாரம், தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து தேடினேன். கடைசியில் ஒரு பதிவு கிடைத்தது: ஓமலூர் தாலுகா, எங்கள் ஊர், தகப்பன் பெயர் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயரேதான், போனவருக்கு வயது 22. சரி, அதே பெயரில் வேறு யாராவது இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அடையாளம் என்ற இடத்தில் இடது முட்டியில் தழும்பு என்று இருந்தது. பனையிலிருந்து விழுந்து முட்டி கிழிந்தவர் என்று அத்தை சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

குறை என்றால், எல்லாமே ஆங்கிலம், அப்பாவால் தானாகப் படிக்க முடியவில்லை. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்தேன். ஊர்ப் பெயர் வந்ததும் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

அவருடைய எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். அங்கே பேரப்பிள்ளைகள் யாராவது இருந்தால், அவர்கள் இதே எண்ணை வைத்துக்கொண்டுதான் எங்கள் ஊரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.