வலிப்புக்குக் கடை கஞ்சா எண்ணெயா, எபிடியோலெக்ஸா?

கொலராடோவின் சார்லட் ஃபிகிக்கு டிராவே சிண்ட்ரோம்; குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடும் வலிப்பு நோய் அது. எந்த மருந்துக்கும் அடங்காத அந்தச் சிறுமியின் வலிப்பு, கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த சிபிடி (போதை தராத கேனபிடியால்) எண்ணெயால் வெகுவாகக் குறைந்ததை 2013இல் சிஎன்என் காட்டியது. அதன்பின் அமெரிக்கப் பெற்றோர் பலரும் கேட்பது, "எங்கள் குழந்தைக்கும் கொடுக்கலாமா, டாக்டர்?"

கொடுக்கலாம். ஆனால் எதை?

நரம்பியல் மருத்துவராகக் கடை எண்ணெயில் என் கவலை, புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான். இணையத்தில் விற்ற 84 சிபிடி தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தவை 31 சதவீதம்தான். 18 தயாரிப்புகளில் போதை தரும் டிஎச்சி இருந்தது. வளரும் மூளைக்கு அது வேண்டவே வேண்டாம்.

எபிடியோலெக்ஸ் சுத்திகரித்த சிபிடி மருந்து. 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. எந்தப் புட்டியை எடுத்தாலும் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். டிராவே நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆக இறங்கியது; மருந்தில்லாத திரவம் குடித்தவர்களுக்கு 14.9இலிருந்து 14.1, அவ்வளவுதான். ஆனாலும் வலிப்பு அடியோடு நின்றது நூற்றுக்கு ஐந்து பேருக்கே. இதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வயிற்றுப்போக்கு, தூக்கக் கலக்கம் வரலாம். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தும் சாப்பிடும் குழந்தைக்குக் கல்லீரல் என்சைம் ஏறக்கூடும். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

விலைதான் இடிக்கிறது: அறிமுகமானபோது ஆண்டுக்குச் சுமார் 32,500 டாலர். காப்பீடு கைவிட்டால் கடை எண்ணெயை நாடும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். மருத்துவரிடம் மறைக்காதீர்கள், பழைய வலிப்பு மாத்திரையைச் சட்டென நிறுத்தாதீர்கள்.