ஒரே இழுப்பில் கிளம்பிய மோட்டாரும் என் 1,38,000 ரூபாயும்

எங்களுக்குப் படகு மோட்டார் விற்ற கடைக்காரர் நேற்று சாயங்காலம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அதற்கு முந்தைய நிமிடம் வரைக்கும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நம்பிய முட்டாள் நான். போனது 1,38,000 ரூபாய். பாதி மனைவியின் வளையலை அடகு வைத்தது, மீதி சீட்டு எடுத்தது.

கடைப் பெயரைப் போடவில்லை. போட்டால் என் மேலேயே கேஸ் போடுவார் என்று மச்சான் பயப்படுகிறார். ஆந்திரா பக்கம், தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர், படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே விற்கும் கடை. அவ்வளவுதான் சொல்வேன். சின்னப் படகுக்கு மோட்டார் வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நான் ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன். தம்பி பழவேற்காடு ஏரியில் நண்டு வலை போடுகிறான், மடவை மீன் கிடைத்தால் அதுவும். பழைய மரப்படகு ஓட்டைக்கு மேல் ஓட்டை. அதனால் 14 அடியில் அலுமினியப் படகு ஒன்றைத் தனியாக வாங்கினோம். அதில் எந்தக் குறையும் இல்லை, லேசாக இருக்கிறது, சேற்றில் தட்டினால் இரண்டு பேர் இறங்கி இழுத்துவிடலாம். இந்த ஏரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சராசரி ஆழமே ஒரு மீட்டர்தான். நடு ஏரியில் இறங்கி நின்று பீடி பற்ற வைக்கிற இடங்கள் உண்டு. இத்தனை வருடம் கழி ஊன்றியே பிழைத்தோம். தம்பிக்குத் தோள்பட்டை போய்விட்டது, அதனால்தான் மோட்டார்.

கடைக்குள் நுழைந்ததும் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அடடே, மனவாடு!" என்றார். தெலுங்கில் நம்ம ஆள் என்று அர்த்தம். அதற்கப்புறம் முழுக்கத் தமிழ்தான். அவருடைய பாட்டி கும்மிடிப்பூண்டியாம். டீ வந்தது, கூடவே சமோசா. நீல பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை மாட்டி, கயிற்றை ஒரே ஒரு இழுப்பு. கிளம்பிவிட்டது. பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. "பாருங்க தம்பி, பச்சப்புள்ள மாதிரி ஒண்ணுக்குப் போகுது. இது நின்னா உடனே ஆஃப் பண்ணிடணும்" என்றார். சிரித்தோம்.

பிறகு ஒரு சிவப்புச் சுருள் கயிற்றை எடுத்துத் தம்பியின் மணிக்கட்டில் அவரே மாட்டினார். ஓட்டுகிறவன் தண்ணீரில் விழுந்தால் அந்தக் கயிறு இழுபட்டு மோட்டார் நின்றுவிடும். "இதை மாட்டாம கிளம்பினேன்னு கேள்விப்பட்டா அடிப்பேன் பாத்துக்கோ" என்று தம்பியை மிரட்டினார். நான் ஏமாந்தது அங்கேதான். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் செத்ததை எங்கள் வீட்டில் இன்னும் பேசுவோம். உயிரைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவர் பணத்தில் கை வைக்க மாட்டார் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். யாரும் சொல்லவில்லை.

8 எச்பி டூ ஸ்ட்ரோக், புத்தம்புதுசு, ஃபிட்டிங் அவர் பொறுப்பு. ஒரு லட்சம் ரொக்கம், 38,000 போன் வழியாக. பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில் போட்டா விலை ஏறும் தம்பி, உங்களுக்கு எதுக்கு?" என்று ஒரு எஸ்டிமேட் தாளில் "மோட்டார் + ஃபிட்டிங் 1,38,000" என்று எழுதிக் கொடுத்தார். முத்திரை கூட இல்லை. அதை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். சாமி என்ன நினைத்ததோ.

இரண்டு நாள் கழித்து அவருடைய பையன் வந்து மாட்டினான். எங்கள் படகின் பின்பலகை 15 அங்குல உயரம். அதற்குக் குட்டை ஷாஃப்ட், அதாவது விசிறி வரைக்கும் இறங்குகிற தண்டு குட்டையான மோட்டார்தான் சேரும், 20 அங்குலம் இருந்தால்தான் நீள ஷாஃப்ட். விசிறிக்கு மேலே இறக்கை மாதிரி ஒரு தட்டு இருக்கும், அது படகின் அடிமட்டத்தோடு ஏறத்தாழ ஒன்றாக நிற்க வேண்டும். எங்களுக்கு வந்தது நீள ஷாஃப்ட். தட்டு ஐந்து அங்குலம் கீழே தொங்கியது. எனக்கு அன்றைக்கு இதெல்லாம் தெரியாது, ஆனாலும் கண்ணுக்கு உறுத்தியது. போன் போட்டேன். "ஆழமா இருந்தா நல்லாப் பிடிக்கும் தம்பி, கவலைப்படாதீங்க" என்றார். முழங்கால் தண்ணீர் ஏரியில் ஓட்டுகிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

ஒன்பதாம் நாள் விசிறி சேற்றை உழ ஆரம்பித்தது. மோட்டாரைக் குளிர வைக்கிற தண்ணீரை உறிஞ்சுகிற துளையும் கீழேதான் இருக்கிறது, அது சேற்றை உறிஞ்சியது. பீய்ச்சுகிற தண்ணீர் நூல் மாதிரி ஆனது. தம்பி சொன்னபடி ஆஃப் பண்ணினான், கழுவினான், மறுபடி ஓட்டினான். இருபத்திரண்டாம் நாள் புகை, ஒரு கடகட சத்தம், அப்புறம் கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. நண்டோடு திரும்ப வேண்டியவன் கழி ஊன்றி இருட்டில் வந்து சேர்ந்தான்.

ஊரில் ஃபைபர் படகு இன்ஜின்களைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் மோட்டாரைத் திறக்கவே இல்லை, முதலில் கீழ்ப்பக்கம் குனிந்து பார்த்தார். உப்புத் தண்ணீர் உலோகத்தைத் தின்னாமல் இருக்க அங்கே ஒரு ஜிங்க் கட்டி பொருத்தியிருப்பார்கள், மோட்டாருக்குப் பதில் அது கரையும். எங்கள் மோட்டாரில் அந்தக் கட்டிக்கும் பளபளவென்று கறுப்பு பெயின்ட். "இது மேல பெயின்ட் அடிச்சா வேலையே செய்யாது. எந்தக் கம்பெனியும் அடிக்காது. யாரோ மொத்தமா ஸ்ப்ரே பண்ணியிருக்காங்க அண்ணே" என்றார். ஆணியால் சுரண்டினார். கறுப்புக்குக் கீழே சாம்பல் நிறம். நம்பர் தகட்டில் மட்டும் புது ரிவெட். அப்புறம்தான் திறந்தார். குளிர வைக்கிற தண்ணீரை இழுக்கும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சக்கரத்தில் இதழ்களே இல்லை, வெறும் முண்டு. சிலிண்டரில் கோடு கோடாக உரசல், அதில் பாதி பழைய கோடு என்றார். 1,38,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது யாரோ ஓட்டிக் கழித்த மோட்டார்.

ஃபிட்டிங் அழகையும் கேளுங்கள். பின்பலகையில் மோட்டார் உட்கார அவர்கள் வைத்த ப்ளைவுட் பச்சை நிறத்தில் இருந்தது. அழுகாமல் இருக்கச் செம்பு மருந்து ஏற்றிய பலகை. உப்புத் தண்ணீரில் செம்பும் அலுமினியமும் ஒட்டி உட்கார்ந்தால் அலுமினியம்தான் அரித்துப்போகும். பலகையைக் கழற்றினால் உள்ளே வெள்ளை மாவு, நகத்தால் தடவினால் குழி. ஒரு குறையும் இல்லாத படகையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

இனிமேல்தான் அலைச்சல். முதல் தடவை போனேன், "ஓனர் இல்ல, ரேப்பு ரண்டி" என்றான் பையன். நாளைக்கு வாங்க என்று அர்த்தம். மறுநாள் ஓனர் நெல்லூரில் கல்யாணத்தில். மூன்றாவது தடவை போனில், "இன்னைக்கு ராக்கெட் விடுறாங்க தம்பி, ரோடெல்லாம் கூட்டம், கடை அரை நாள்தான்." ஸ்ரீஹரிகோட்டா எங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம்தானே, ராக்கெட் விட்டால் எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு ஒரு ராக்கெட்டும் இல்லை.

நாலாவது தடவை ஆள் அகப்பட்டார். டீ வரவில்லை. "ஆயில் எவ்வளவு ஊத்தினீங்க?" என்றார். 20 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லி, நீங்கள் சொன்ன கணக்குத்தான் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ, புது மோட்டாருக்கு முதல் பத்து மணி நேரம் 800 ஊத்தணுமே! நீங்களே எரிச்சுட்டீங்களே!"

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. பல டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு அவர் சொன்ன கணக்கு சரிதான், புதுசுக்கு இரட்டிப்பு, பழகிய மோட்டாருக்கு 400. அப்படியானால் வாங்கின அன்று அவர் வாயில் 400 என்று ஏன் வந்தது? அது புதுசு இல்லை என்று அவருக்குத் தெரியும், அதனால் வந்தது. இதைக் கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், ஜிங்க் கட்டி போட்டோவோடு. நீல டிக் விழுந்தது. அடுத்த மெசேஜுக்கு ஒற்றை டிக். அதுதான் நேற்று சாயங்காலம்.

காவல் நிலையத்துக்கும் போனேன். இந்தப் பக்கம், கடை ஆந்திராவில் இருக்கிறது அங்கே போங்கள் என்றார்கள். அந்தப் பக்கம், நீங்கள் தமிழ்நாடு, பணம் அங்கிருந்துதானே வந்தது, அங்கே கொடுங்கள் என்றார்கள். எல்லைக்கோட்டில் பிறந்தவனுக்கு இது புதிதில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு விஷயம் தெளிந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் என் கையில் இருப்பது அந்த எஸ்டிமேட் தாளும், போனில் போன 38,000-க்கான பதிவும்தான். ஒரு லட்சம் ரொக்கத்துக்குச் சாட்சி என் தம்பியும் ஒரு சமோசாவும்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், நேரமில்லை. பின்பலகை உயரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஜிங்க் கட்டியில் பெயின்ட் இருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். டிரம்மில் ஓடுவதை நம்பாதீர்கள், அதில் பாரமே கிடையாது, படகில் மாட்டி அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மோட்டார் நம்பர் எழுதிய பில் இல்லாமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். பச்சைப் பலகை வேண்டாம். நட்டு போல்ட் பற்றியும் ஏதோ சொல்ல நினைத்தேன், மறந்துவிட்டது.

மெக்கானிக் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், சுரண்டின மோட்டாரையும் மினி லாரியில் ஏற்றிவிட்டோம். ஆறரைக்குக் கிளம்புகிறோம். கடை திறக்கும்போது ஷட்டருக்கு முன்னால் அதை இறக்கி வைக்கப் போகிறேன்.