ஹோட்டல் சாப்பாடும் எகிறும் சர்க்கரையும்: எந்த வழி கைகொடுக்கும்?

வெளியே சாப்பிடும் நாளில் ரத்தத்தில் சர்க்கரை எகிறாமல் இருக்க நீரிழிவு உள்ளவர்கள் ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முந்தைய வேளை பட்டினி கிடப்பார்கள், காய்கறியை முதலில் சாப்பிடுவார்கள், அளவைப் பாதியாக்குவார்கள், சாப்பிட்டதும் நடப்பார்கள். நான்கும் ஒரே அளவுக்குப் பலன் தருவதில்லை.

பட்டினியை முதலிலேயே தள்ளிவிடலாம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் காலை உணவை விட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை இன்னும் அதிகமாக ஏறுகிறது. போதாததற்கு, அகோரப் பசியோடு உட்கார்ந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் ஆர்டர் செய்யத் தோன்றும். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இது ஆபத்தும்கூட. சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே இறங்கிவிடலாம்.

மீதி மூன்றில் என் ஓட்டு சாப்பிடும் வரிசைக்குத்தான். கிரேவி கெட்டியாக எவ்வளவு சோளமாவு போட்டார்கள், சாஸில் எவ்வளவு சர்க்கரை என்று நமக்குத் தெரியாது. ஆனால் எதை முதலில் வாயில் வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. காய்கறி, முட்டை, மீன், இறைச்சி முதலில். சாதமோ ரொட்டியோ கடைசியில். நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே சாப்பாட்டை இப்படி வரிசை மாற்றிச் சாப்பிட்டபோது ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை சுமார் 37% குறைவாக இருந்தது. பங்கேற்றவர்கள் 11 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் காரணம் தெளிவானது: நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். அந்த ஆய்வில் முதலில் சாப்பிட்ட காய்கறி, இறைச்சிக்கும் கடைசியில் சாப்பிட்ட மாவுச்சத்துக்கும் நடுவே 15 நிமிட இடைவெளி விட்டார்கள். அதனால் சாலட், கிரில் வகைகளை முதலில் கேளுங்கள். மற்றதை அப்புறம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பீட்சா, நூடுல்ஸ் போல எல்லாம் ஒன்றாகக் கலந்து வருவதில் வரிசை செல்லாது. அங்கே அளவுதான் ஜெயிக்கும். சாப்பிடும் முன்பே பாதியைப் பார்சல் கட்டிவிடுங்கள். தட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது. இன்னொன்று, பீட்சாவில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தள்ளிப்போடும். இரண்டு மணி நேரத்தில் மீட்டர் நல்ல எண் காட்டலாம், அதற்குப் பிறகு ஏறலாம். அன்று நான்கு மணி நேரம் கழித்தும் ஒருமுறை பாருங்கள்.

நடைக்கு இரண்டாம் இடம். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும், நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கின்றன. 2016-ல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடந்ததைவிட, ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12% குறைந்தது. இரவு உணவுக்குப் பின் 22%. ஆனால் சாப்பிட்ட உடனே கிளம்ப வேண்டும். அரட்டை முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து நடந்தால் உச்சம் தாண்டியிருக்கும்.

ஜூஸும் இனிப்புச் சோடாவும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். தண்ணீர் போதும்.

இன்சுலின் போடுபவர்களுக்கு ஹோட்டலில் நேரம்தான் பெரிய சிக்கல். ஆர்டர் கொடுத்ததும் ஊசி போட்டுவிட்டு, சாப்பாடு அரைமணி தாமதமானால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். தட்டு வந்த பிறகு போடலாமா, டோஸை மாற்ற வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் மாத்திரை பையில் இருக்கட்டும்.