அரசு மருத்துவமனையின் வளரிளம் பருவ நல மையம்: மூன்று முறை சென்று வந்த பிறகு

பிளஸ் ஒன் படிக்கும் என் அக்கா மகள் காலை இறைவணக்கத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்த பிறகு, தருமபுரி மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் வளரிளம் பருவ நல மையத்துக்கு அவளை அழைத்துச் சென்றேன். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்காக 2014-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ் இயங்கும் இந்த மையத்தில் பரிசோதனைக்கோ மாத்திரைக்கோ காசு வாங்குவதில்லை.

ஹீமோகுளோபின் 9.1 என்று வந்தது; இந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது. சீட்டு எழுதி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஆலோசகர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவளோடு அரை மணி நேரம் தனியாகப் பேசினார். பேருந்து எத்தனை மணிக்கு, வீட்டில் சமைப்பது யார் என்றெல்லாம் கேட்டிருக்கிறார். அக்காவும் மாமாவும் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பதால் பாட்டியிடம் வளரும் அவள், 7 மணிப் பேருந்தைப் பிடிக்க ஒரு தம்ளர் டீயோடு கிளம்பி, மதியம் பள்ளி வாசலில் வாங்கும் பன்னோடு மாலைவரை இருந்துவிடுகிறாள். காலை உணவுத் திட்டம் 5-ஆம் வகுப்போடும், சத்துணவு 10-ஆம் வகுப்போடும் முடிந்துவிடுகின்றன. உடம்பு வளரும் வயதில் இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டுமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முன்பு ஒரு தனியார் மருத்துவர் மாதுளை, பேரீச்சை என்று எழுதிக் கொடுத்த சீட்டைப் பாட்டி மடித்து அரிசி டப்பாவில் வைத்துவிட்டார். இந்த ஆலோசகரோ, இரவு மீந்த கேழ்வரகுக் களியை மோரில் கரைத்துக் குடிக்கவும், வேலியோர முருங்கைக் கீரையைச் சமைக்கவும், நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொள்ளவும், இரும்புச்சத்து மாத்திரை போடும் நேரத்தில் டீயைத் தவிர்க்கவும் சொன்னார். மாத்திரை அட்டையின் ஒவ்வொரு குமிழுக்கும் மேல் பேனாவால் தேதி எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தனியறையில் அவள் இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள்: உறவில் மாப்பிள்ளை பேசுகிறார்கள். அது எனக்கே தெரியாது. 18 வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம் என்பதை அவளுடைய ஒப்புதலோடு எங்களிடம் எடுத்துச் சொல்லி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அவளுக்கு எழுதிக் கொடுத்தார். பெரிய மருத்துவமனைகளில்கூட இப்படி ஒருவர் காது கொடுத்துக் கேட்டு நான் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு. பள்ளி நடக்கும் நேரத்தில் மட்டுமே மையம் திறந்திருக்கிறது. இரண்டாம் முறை பாட்டி அழைத்துச் சென்றபோது ஆலோசகர் வேறு பணிக்கு அனுப்பப்பட்டிருந்தார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், அன்றைய கூலி போனது போனதுதான். மூன்று முறையும் ஒரு பையனைக்கூட அங்கே காணவில்லை. புகையிலைப் பழக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் அவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டு என்பதைப் பள்ளிகளில் யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் முறை ஹீமோகுளோபின் 10.8 இருந்தது. அடுத்து வரவேண்டிய நாளைக் காலாண்டு விடுமுறையாகப் பார்த்து ஆலோசகர் குறித்துக் கொடுத்திருக்கிறார்.